எண்ணெய் எந்தப் பக்கம் போனது? நீரோட்டப் படங்களை வாசிப்பது எப்படி

2025 மே 24 அன்று கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கியது. அதே நாளில், விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குப் போய்க்கொண்டிருந்த எம்எஸ்சி எல்சா 3 என்ற சரக்குக் கப்பல், கொச்சிக்குத் தென்மேற்கே சுமார் 38 கடல் மைல் தொலைவில் ஒரு பக்கமாகச் சாய்ந்தது, மறுநாள் மூழ்கியது. மாலுமிகள் 24 பேரும் மீட்கப்பட்டார்கள். ஆனால் கப்பலில் சுமார் 640 கண்டெய்னர்கள் இருந்தன, எரிபொருள் எண்ணெய் இருந்தது. அடுத்த சில நாள்களில் ஆலப்புழை, கொல்லம் கரைகளில் கண்டெய்னர்கள் ஒதுங்கின. பிளாஸ்டிக் பொருள்கள் செய்யப் பயன்படும் நர்டில் என்ற குட்டிக் குட்டி வெள்ளை மணிகள் திருவனந்தபுரத்தையும் தாண்டிக் கன்னியாகுமரிக் கடற்கரைக்கு வந்து சேர்ந்தன.

இப்படி ஒரு விபத்து நடந்தால் பொதுவாக மூன்று வகைப் படங்கள் நம் கைக்கு வரும்.

1. வளைகோடுகளும் அம்புக்குறிகளும் போட்ட நீரோட்ட வரைபடம்.
2. விமானத்திலிருந்தோ செயற்கைக்கோளிலிருந்தோ எடுத்த எண்ணெய்ப் படலத்தின் போட்டோ.
3. ஒரு பொருள் எங்கே விழுந்தது, எந்த வழியாக வந்தது, எங்கே ஒதுங்கியது என்று காட்டும் தடம்.

மூன்றுமே ஒரே கடலைப் பற்றியவை, ஒரே நாளில் வந்தவையாகக்கூட இருக்கலாம், ஆனாலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்றோடொன்று பொருந்தாது. "வரைபடத்தில் அம்பு கிழக்கே காட்டுகிறது, எண்ணெய் தெற்கே கிடக்கிறது, எதை நம்புவது?" என்ற குழப்பம் வருவது இதனால்தான். மூன்றையுமே நம்பலாம். ஆனால் ஒவ்வொன்றும் வேறு கேள்விக்கான பதில். எந்தக் கேள்வி என்று தெரியாமல் பதிலைப் படிப்பதுதான் பிரச்சினை.

பாலத்தில் நிற்பவரும் பரிசலில் போகிறவரும்

முதலில் ஒரு சொல். திரவம், வாயு இரண்டையும் சேர்த்து நம் பாடநூல்கள் பாய்மம் என்று சொல்கின்றன. தண்ணீர், காற்று, எண்ணெய், தேன் எல்லாம் பாய்மம்தான். பாய்மத்தின் ஓட்டத்தை விவரிக்க இரண்டு வழிகள் உண்டு.

ஒகேனக்கல்லில் பாலத்தின் மேல் நின்றுகொண்டு கீழே ஓடும் தண்ணீரைப் பார்ப்பது ஒரு வழி. உங்கள் காலடியில் இப்போது என்ன வேகம், என்ன திசை என்று குறித்துக்கொண்டே இருப்பீர்கள். தண்ணீர் வரும், போகும். இடம் மட்டும் மாறாது. பரிசலில் ஏறி உட்கார்ந்து ஆற்றோடு போவது இன்னொரு வழி. இங்கே உங்களைச் சுற்றியிருக்கும் தண்ணீர் ஏறக்குறைய அதேதான், இடம்தான் மாறிக்கொண்டே போகிறது.

முதலாவதற்கு ஆய்லர் பார்வை என்றும் இரண்டாவதற்கு லக்ராஞ்சு பார்வை என்றும் பெயர். லியோனார்ட் ஆய்லர் 18-ஆம் நூற்றாண்டின் கணித மேதை. பாய்மங்களுக்கான அவருடைய சமன்பாடுகள் 1757-ல் அச்சாகின. லக்ராஞ்சு அவருக்கு அடுத்த தலைமுறை. வேடிக்கை என்னவென்றால் இரண்டு பார்வைகளையுமே ஆய்லர்தான் முதலில் கையாண்டார். ஒன்றுக்கு லக்ராஞ்சு பெயர் ஒட்டிக்கொண்டது, இன்றுவரை யாரும் மாற்றவில்லை.

இது வெறும் தத்துவம் கிடையாது, கருவிகளே இப்படிப் பிரிந்துதான் இருக்கின்றன. சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசிய கடல் தொழில்நுட்பக் கழகம் வங்கக் கடலிலும் அரபிக்கடலிலும் நங்கூரமிட்டு மிதவைகளை நிறுத்தியிருக்கிறது. அவை பாலத்தில் நிற்பவர்கள். உலகம் முழுக்கக் கடல்களில் ஏறத்தாழ 4,000 ஆர்கோ மிதவைகள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றும் சுமார் 1,000 மீட்டர் ஆழத்தில் நீரோட்டத்தோடு நகர்ந்துவிட்டு, 10 நாளுக்கு ஒருமுறை 2,000 மீட்டர் வரை இறங்கி, அங்கிருந்து அளந்துகொண்டே மேலே வந்து செயற்கைக்கோளுக்குத் தகவல் அனுப்பிவிட்டுத் திரும்ப மூழ்கும். அவை பரிசல்காரர்கள்.

இரண்டு பார்வைக்கும் நடுவே ஒரு நுட்பமான விஷயம் இருக்கிறது. ஆறு அகலமான இடத்திலிருந்து பாறைகளுக்கு நடுவே குறுகுகிறது என்று வையுங்கள். நீர்வரத்து ஒரே அளவாக இருந்தால், பாலத்தில் நிற்பவர் நாள் முழுக்க நின்றாலும் அவர் காலடியில் வேகம் மாறாது. "எந்த மாற்றமும் இல்லை" என்பார். பரிசலில் வருபவருக்கோ குறுகலான இடத்தில் நுழையும்போது வயிற்றைப் பிசையும், ஏனென்றால் அவருடைய வேகம் உண்மையிலேயே கூடுகிறது. பொய் சொல்வது யாரும் இல்லை. நேரம் போவதால் வரும் மாற்றம் ஒன்று, இடம் விட்டு இடம் போவதால் வரும் மாற்றம் இன்னொன்று. பாலத்துக்காரர் முதலாவதை மட்டும் பார்க்கிறார். பரிசல்காரர் இரண்டின் கூட்டுத்தொகையை அனுபவிக்கிறார். பாய்ம இயக்கவியலின் சமன்பாடுகள் கடினமாக இருப்பதற்குப் பெரும் காரணம் அந்த இரண்டாவது பங்குதான்.

நான்கு கோடுகள்

ஓட்டத்தைப் படமாக வரையும்போது நான்கு வகைக் கோடுகள் வரும். இவற்றுக்குத் தமிழில் எல்லாரும் ஒத்துக்கொண்ட பெயர்கள் இன்னும் அமையவில்லை, அதனால் எளிதாகப் புரியும் பெயர்களை இங்கே வைத்துக்கொள்வோம்.

1. ஓட்டக்கோடு. ஸ்ட்ரீம்லைன் என்பார்கள். ஒரே ஒரு கணத்தில் கடல் முழுவதும் எந்தெந்தத் திசையில் நகர்கிறது என்று அம்புகள் வைத்து, அந்த அம்புகளைத் தொட்டபடி இழுத்த கோடு. இரண்டு ஓட்டக்கோடுகள் ஒன்றையொன்று வெட்டாது. வெட்டினால் அந்தப் புள்ளியில் தண்ணீர் ஒரே நேரத்தில் இரண்டு திசையில் போக வேண்டிவரும். ஓட்டமே நின்றுபோன புள்ளி மட்டும் விதிவிலக்கு.

2. தடக்கோடு. பாத்லைன். ஒரே ஒரு துகள், நேரம் போகப் போக எந்த வழியாக வந்தது என்பது. ராத்திரியில் ஹைவே ஓரம் கேமராவை வைத்து ஷட்டரை நீண்ட நேரம் திறந்துவைத்தால் வண்டியின் பின்விளக்கு சிவப்புக் கோடாக விழுமே, அதுதான் தடக்கோடு. இது தன்னைத்தானே வெட்டிக்கொள்ளலாம், முடிச்சுப் போடலாம், தவறில்லை.

3. சாயக்கோடு. ஸ்ட்ரீக்லைன். ஒரே இடத்திலிருந்து தொடர்ந்து சாயமோ புகையோ விட்டுக்கொண்டே இருந்து, ஒரு கணத்தில் போட்டோ எடுத்தால் தெரிவது. ஊதுபத்திப் புகை, ஆலைப் புகைபோக்கியின் வால், மூழ்கிய கப்பலிலிருந்து கசியும் எண்ணெய் எல்லாம் சாயக்கோடுதான். அந்தக் கோட்டில் இருக்கும் ஒவ்வொரு துகளும் ஒரே வாசல் வழியாக வந்தது, ஆனால் வெவ்வேறு நேரத்தில் வந்தது.

4. நேரக்கோடு. டைம்லைன். ஒரே நேரத்தில் வரிசையாகப் போட்ட துகள்கள் பிறகு எப்படி வளைந்து போகின்றன என்பது. வாய்க்கால் பாலத்தின் மேல் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை ஆட்களை நிறுத்தி ஒரே சமயத்தில் ஆளுக்கொரு இலையைப் போடச் சொல்லுங்கள். சற்று நேரத்தில் நடுவில் போட்ட இலைகள் முந்திப் போய், வரிசை வில் மாதிரி வளைந்திருக்கும். கரையோரம் தண்ணீர் மெதுவாகவும் நடுவில் வேகமாகவும் ஓடுவதை அந்த வில் அப்படியே வரைந்து காட்டிவிடும். ஆய்வகத்தில் இதையே மெல்லிய கம்பி ஒன்றைத் தண்ணீரில் நீட்டி, மின்சாரத்தை விட்டு விட்டுப் பாய்ச்சி, ஹைட்ரஜன் குமிழிகளை வரிசை வரிசையாக எழுப்பிச் செய்கிறார்கள்.

ஓட்டம் மாறாமல் ஒரே சீராக இருந்தால் முதல் மூன்றும் ஒரே கோடாகிவிடும். பள்ளிப் புத்தகத்தில் ஒரே ஒரு கோட்டை மட்டும் வரைந்து, அதுவே துகள் போகும் வழி என்று சொல்லித்தருவதற்கு இதுதான் காரணம். அந்த வகுப்பில் அது சரி. ஆனால் கடலும் காற்றும் அப்படிச் சீராக இருப்பதில்லை, ஓட்டம் நேரத்தோடு மாறும், மாறிய உடனே மூன்று கோடுகளும் பிரிந்து தனித்தனி வழியில் போய்விடும்.

'ட'-வும் '7'-உம்

எவ்வளவு தூரம் பிரியும் என்பதற்கு ஒரு கணக்கு. ஒரு கற்பனைக் கடல், அதில் ஒரு கப்பல் மூழ்கி ஒரே இடத்தில் கிடக்கிறது, எண்ணெய் விடாமல் கசிகிறது என்று வைத்துக்கொள்வோம்.

1. மாலை 6 மணிக்குக் கசிவு தொடங்குகிறது. அதிகாலை 4 மணி வரை, அதாவது 10 மணி நேரம், கடல் முழுவதும் தெற்கு நோக்கி மணிக்கு 1 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது.
2. 4 மணிக்குத் திசை மாறுகிறது. மதியம் 2 மணி வரை, இன்னொரு 10 மணி நேரம், கடல் முழுவதும் கிழக்கு நோக்கி அதே வேகத்தில் ஓடுகிறது.
3. மதியம் 2 மணிக்கு எல்லாவற்றையும் படம் எடுக்கிறோம்.

ஓட்டக்கோடு எப்படி இருக்கும்? அந்தக் கணத்தில் எல்லா இடத்திலும் ஓட்டம் கிழக்கே. அதனால் மேற்கிலிருந்து கிழக்கே போகும் நேர்கோடுகள் மட்டும்தான். முந்தின நாள் இரவு தெற்கே ஓடியதற்கான சுவடே அந்தப் படத்தில் இருக்காது.

தடக்கோடு? மாலை 6 மணிக்கு வெளிவந்த முதல் துளியை எடுத்துக்கொள்ளுங்கள். அது 10 கிலோமீட்டர் தெற்கே இறங்கியது, பிறகு திரும்பி 10 கிலோமீட்டர் கிழக்கே போனது. தாளில் வரைந்தால் அச்சு அசல் 'ட'.

சாயக்கோடுதான் சுவாரசியம். 4 மணிக்கு முன்பு கசிந்த எண்ணெய் அந்த நேரத்தில் கப்பலிலிருந்து தெற்கே 10 கிலோமீட்டருக்கு ஒரு நேர்கோடாகக் கிடந்தது. திசை மாறியதும் அந்தக் கோடு முழுசும் அப்படியே கலையாமல் கிழக்கே நகர்ந்தது. 4 மணிக்குப் பிறகு கசிந்ததோ கப்பலிலிருந்து நேராகக் கிழக்கே நீண்டது. மதியம் 2 மணிக்கு மேலிருந்து பார்த்தால், கப்பலில் தொடங்கிக் கிழக்கே 10 கிலோமீட்டர், அங்கிருந்து மடங்கித் தெற்கே 10 கிலோமீட்டர். அதாவது '7'.

இப்போது அந்தப் போட்டோவைப் பார்க்கும் ஒருவர் என்ன சொல்வார்? "எண்ணெய் முதலில் கிழக்கே போயிருக்கிறது, அப்புறம் தெற்கே திரும்பியிருக்கிறது." நடந்தது நேர் எதிர். அந்தப் படலத்தில் ஒரு துளிகூடக் கிழக்கே போய்த் தெற்கே திரும்பியதில்லை. '7' என்ற அந்த வழியில் யாருமே போகவில்லை.

வாசிப்பு தவறினால் முடிவும் தவறும். '7'-ஐ வழித்தடம் என்று நினைத்தவர், எண்ணெய் தெற்கே போய்க்கொண்டிருக்கிறது என்று கணித்துப் படகுகளைத் தெற்கு முனைக்கு அனுப்புவார். உண்மையில் மொத்தப் படலமும் கிழக்கே நகர்ந்துகொண்டிருக்கிறது. கிழக்கே கரை இருந்தால், '7'-இன் நிற்கும் கால் 10 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரே நேரத்தில் கரையில் வந்து மோதும். தெற்கு முனையில் காத்திருப்பவர்களால் அதைத் தடுக்க முடியாது.

கேரளக் கரையில் இதுபோன்ற திருப்பம் சில மணி நேரத்திலும் வரும், பருவத்துக்குப் பருவமும் வரும். இந்தியாவின் மேற்குக் கரையோர நீரோட்டம் தென்மேற்குப் பருவக் காலத்தில் தெற்கு நோக்கியும், நவம்பர் முதல் பிப்ரவரி வரை வடக்கு நோக்கியும் ஓடுகிறது. கொச்சிக்கு எதிரே விழுந்த நர்டில்கள் மே மாதக் கடைசியில் கன்னியாகுமரிப் பக்கம் வந்ததை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அதே விபத்து டிசம்பரில் நடந்திருந்தால் கரையோர ஓட்டம் அவற்றை வடக்கே இழுத்திருக்கும்.

புகைக்கு ஞாபக சக்தி அதிகம்

ஓட்டத்தைக் கண்ணால் பார்க்க மனிதர்கள் பெரும்பாலும் நம்பியது சாயத்தையும் புகையையும்தான். 1883-ல் மான்செஸ்டரில் ஆஸ்பார்ன் ரெனால்ட்ஸ் ஒரு கண்ணாடிக் குழாயில் தண்ணீரை ஓடவிட்டு நடுவில் மெல்லிய சாய இழை ஒன்றை விட்டார். மெதுவாக ஓடும்போது இழை நூல் பிடித்த மாதிரி நேராகப் போனது. வேகம் ஒரு அளவைத் தாண்டியதும் சட்டென்று கலைந்து குழாய் முழுவதும் பரவியது. முதலாவது வரிச்சீர் ஓட்டம், இரண்டாவது கொந்தளிப்பு ஓட்டம் (பாடநூலில் சுழற்சி ஓட்டம்). எப்போது மாறும் என்பதைச் சொல்ல ஓட்ட வேகம், குழாயின் விட்டம், அடர்த்தி மூன்றையும் பெருக்கிப் பாகுநிலையால் (பாய்மம் எவ்வளவு பிசுபிசுப்பானது என்ற அளவால்) வகுத்துக் கிடைக்கும் ரெனால்ட்ஸ் எண்ணைப் பார்க்கிறார்கள். குழாய்களில் அது 2,000-ஐத் தாண்டும் பகுதியிலிருந்து கொந்தளிப்புக்கு வாய்ப்பு தொடங்குகிறது. நம் வீட்டு அரை அங்குலக் குழாயில் நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் தண்ணீர் வந்தால் ரெனால்ட்ஸ் எண் 15,000 பக்கம் வரும். அதாவது வீட்டுக் குழாய்க்குள் தினமும் கொந்தளிப்புதான்.

1900-ஐ ஒட்டிப் பாரிஸில் எத்தியென் ஜூல் மாரே புகை இழைகளை வரிசையாக விட்டுக் காற்றைப் போட்டோ எடுத்தார். அவர் செய்த ஒரு தந்திரம் இன்றும் அழகு: புகைக் குழாய்களை நொடிக்கு 10 முறை அசையவிட்டார். புகையில் அலை அலையாக வளைவுகள் விழுந்தன. இரண்டு வளைவுக்கு நடுவே உள்ள தூரம்தான் காற்று பத்தில் ஒரு நொடியில் போன தூரம். ஒரே போட்டோவில் வழியும் கிடைத்தது, வேகமும் கிடைத்தது.

ஆனால் புகையிடம் ஒரு குறை இருக்கிறது. அதற்கு ஞாபகம் அதிகம். எங்கேயோ பட்ட அடியை ரொம்ப தூரம் சுமந்துகொண்டு வரும். உருளை ஒன்றைச் சுற்றி ஓடும் காற்று, அதன் பின்னால் இடமும் வலமுமாக மாறி மாறிச் சுழல்களை உதிர்க்கும். இதற்குக் கார்மன் சுழல் வரிசை என்று பெயர். உருளைக்கு அருகே புகையை விட்டால் அந்தச் சுழல் வரிசை நெடுந்தூரம் வரை தெளிவாகத் தெரியும். 1988-ல் சிம்பாலா, நாகிப், ரோஷ்கோ மூவரும் வெளியிட்ட ஆய்வில், புகை விடும் கம்பியை உருளையிலிருந்து தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்தார்கள். தூரத்தில் புதிதாக விட்ட புகையில் அந்தச் சுழல்களே இல்லை. காற்றில் சுழல் எப்போதோ அடங்கிவிட்டது. பழைய புகை மட்டும் அந்த வடிவத்தைப் பிடித்து வைத்துக்கொண்டிருந்தது.

அடுத்த முறை ஊதுபத்தி ஏற்றும்போது கவனியுங்கள். அடியில் நேர்க்கோடு, கொஞ்சம் மேலே நெளிவு, அதற்கும் மேலே சிதறல். மேலே தெரியும் நெளிவு எல்லாமே அந்த இடத்தில் அந்த நொடியில் காற்று நெளிவதால் வந்தது என்று சொல்ல முடியாது. நீங்கள் கீழே கையை ஆட்டியது இப்போதுதான் மேலே போய்ச் சேர்ந்திருக்கலாம்.

இந்தச் சிக்கலைத் தாண்டத்தான் இப்போது ஆய்வகங்களில் துகள் பட முறையைப் பயன்படுத்துகிறார்கள். நீரிலோ காற்றிலோ மிக நுண்ணிய துகள்களைத் தூவி, மெல்லிய லேசர் தகடு ஒன்றை ஊடே பாய்ச்சி, மிகக் குறுகிய இடைவெளியில் இரண்டு போட்டோ எடுப்பார்கள். முதல் படத்தில் இருந்த துகள் கூட்டம் இரண்டாவதில் எவ்வளவு நகர்ந்தது என்று கம்ப்யூட்டர் ஒப்பிட்டு, ஆயிரக்கணக்கான இடங்களில் அம்புக்குறி போட்டுவிடும். ஞாபகச் சுமை ஏதும் இல்லாத, அந்தக் கணத்து ஓட்டம் கிடைக்கும்.

புயல் நேரத்து அனிமேஷன்

வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவானதும் எல்லார் போனிலும் கோடுகள் நெளியும் காற்று வரைபடம் வந்துவிடுகிறது. 2012-ல் பெர்னாண்டா வியேகாஸ், மார்ட்டின் வாட்டன்பர்க் இருவரும் அமெரிக்காவின் காற்றை இப்படி அசையும் கோடுகளாக வரைந்தார்கள். 2013-ல் கேமரன் பெக்காரியோ அதை உலகம் முழுமைக்கும் கொண்டுபோனார். விண்டி போன்ற தளங்கள் அதற்குப் பிறகு வந்தவை. அழகான வேலை, சந்தேகமே இல்லை. ஆனால் அசைகிறது என்பதாலேயே வீடியோ என்று நினைத்துவிடுகிறோம். பொதுவாக அங்கே நடப்பது இதுதான்: ஒரு குறிப்பிட்ட நேரத்துக்கான காற்றை அப்படியே உறையவைத்து, அந்த உறைந்த காற்றில் கற்பனைத் துகள்களை ஓடவிடுகிறார்கள். அந்தத் துகள்கள் இழுக்கும் கோடு ஓட்டக்கோடு. நிஜக் காற்று அந்த வழியில் போய் முடிப்பதற்குள் காற்றின் அமைப்பே மாறியிருக்கும்.

இங்கே வேறு இரண்டு குழப்பங்களும் சேர்ந்துகொள்கின்றன.

1. புயலின் பாதை என்று வானிலை ஆய்வு மையம் வரையும் கோடு மேலே சொன்ன நான்கில் எதுவுமே இல்லை. அது காற்றின் வழி அல்ல, ஒரு வடிவத்தின் மையம் நகரும் வழி. கடல்மட்டத்தை ஒட்டிக் காற்று சுழன்று உள்ளே வருகிறது, மையத்தைச் சுற்றி மேலே ஏறுகிறது, உயரத்தில் வெளியே போய்விடுகிறது. அந்தமான் பக்கம் புயலில் இருந்த காற்றும் சென்னையில் கரை கடக்கும்போது இருக்கும் காற்றும் ஒன்றே அல்ல.

2. ஒரே இடத்தில் நிற்பவருக்குப் புயல் வேறு மாதிரி தெரியும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலின் கண் சென்னையைக் கடந்தது. நம் அரைக்கோளத்தில் புயல் காற்று இடஞ்சுழியாகச் சுற்றும். கிழக்கிலிருந்து புயல் நெருங்கும்போது அதன் மேற்குப் பக்கம் நம் மேல் படுவதால், காற்று வடக்கிலிருந்து அடிக்கும். கண் மேலே வரும்போது அடங்கும். "முடிந்துவிட்டது" என்று வெளியே வருபவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான், ஏனென்றால் கண் கடந்ததும் கிழக்குப் பக்கம் வந்து அதே காற்று தெற்கிலிருந்து அடிக்கத் தொடங்கும். வரைபடத்தில் ஒரே ஒரு வட்டம். பாலத்தில் நிற்பவருக்கோ வடக்குக் காற்று, அமைதி, தெற்குக் காற்று.

இதிலிருந்தே இன்னொரு செய்தியும் புரியும். தமிழகக் கரையை நோக்கி மேற்கே நகரும் புயலில், மையத்துக்கு வடக்கே காற்று கடலிலிருந்து நிலத்தை நோக்கி வீசும். புயலின் நகர்வு வேகமும் அதோடு கூடும். சுழற்சி மணிக்கு 100 கிலோமீட்டர், நகர்வு 15 என்றால் தோராயமாக வடக்கே 115, தெற்கே 85. அதனால் கடல் பொங்கி ஊருக்குள் வரும் ஆபத்து வடக்குப் பக்கத்தில்தான் அதிகம். தெற்கே காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசித் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகும். "கடல் உள்வாங்கியது, சுனாமி வருமோ" என்று பதறும் செய்தி புயல் நாள்களில் வந்தால், முதலில் அந்த ஊர் மையத்துக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள்.

தண்ணீர் போகும் வழியில் பொருள் போகாது

இதுவரை துகள் என்றால் பாய்மத்தோடு அப்படியே போகும் ஒன்று என்று வைத்துக்கொண்டோம். நிஜத்தில் மிதக்கும் பொருளுக்கு இரண்டு எஜமானர்கள்: கீழே தண்ணீர், மேலே காற்று.

வைகை அணையில் 2017 ஏப்ரலில் நீர் ஆவியாவதைத் தடுக்கத் தெர்மாகோல் அட்டைகளை மிதக்கவிட்டது எல்லாருக்கும் நினைவிருக்கும். கொஞ்ச நேரத்தில் அவை கரைக்கு வந்து சேர்ந்தன, ஊரே சிரித்தது. பாய்ம இயக்கவியலில் அது சுத்தமான செய்முறைப் பாடம். தெர்மாகோல் தண்ணீருக்குள் கிட்டத்தட்ட மூழ்குவதே இல்லை, உடம்பு முழுக்க வெளியே, ஆக அதன் தடக்கோட்டை எழுதியது காற்றுதான். இதற்கு நேர்மாறாக, நீரோட்டத்தை மட்டும் அளக்க விரும்பும் விஞ்ஞானிகள் மேற்பரப்பு மிதவையின் அடியில் சுமார் 15 மீட்டர் ஆழத்தில் துணிக் குழாய் மாதிரி ஒரு இழுவையைக் கட்டித் தொங்கவிடுகிறார்கள். காற்று எவ்வளவு தள்ளினாலும் அந்த இழுவை விடாது.

எண்ணெய்ப் படலத்துக்கு ஒரு பொது விதி இருக்கிறது: நீரோட்டத்தின் வேகம் முழுசாகவும், அதோடு காற்றின் வேகத்தில் சுமார் 3 சதவீதமும். கேட்க அற்பமாகத் தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். பருவக் காற்று மணிக்கு 40 கிலோமீட்டர் என்றால் 3 சதவீதம் 1.2 கிலோமீட்டர், ஒரு நாளைக்கு 29 கிலோமீட்டர். நீரோட்டம் நொடிக்கு 0.3 மீட்டர் என்றால் ஒரு நாளைக்கு 26 கிலோமீட்டர். இரண்டும் ஏறக்குறைய சமம். ஆகவே நீரோட்ட வரைபடத்தை மட்டும் வைத்துக்கொண்டு எண்ணெய் எங்கே போகும் என்று சொல்பவர் பாதிக் கணக்கை விட்டுவிட்டார்.

கண்டெய்னருக்கு இது இன்னும் சிக்கல். காலிக் கண்டெய்னர் உயரமாக மிதந்து காற்றோடு ஓடும். பாதி நிரம்பியது தாழ்ந்து கிடந்து நீரோட்டத்தோடு ஊரும். நர்டில் மேற்பரப்பிலேயே அலையோடு அலையும். ஒரே கப்பல், ஒரே நாள், ஒரே கடல், ஆனால் மூன்று பொருளுக்கும் மூன்று தடக்கோடுகள்.

ஒரு கோடு ஏன் புள்ளிக் கூட்டமாகிறது

எல்லாம் தெரிந்தால் ஒரே கோடாக வரைந்துவிடலாமே? 1992 ஜனவரியில் வட பசிபிக் கடலில் ஒரு சரக்குக் கப்பலிலிருந்து விழுந்த கண்டெய்னர் உடைந்து, குளியலறைப் பொம்மைகள் சுமார் 28,800 கடலில் கொட்டின. வாத்து, ஆமை, தவளை, பீவர் என்ற கொறிவிலங்கு. கர்ட்டிஸ் எபஸ்மேயர் என்ற கடலியலாளர் அவை ஒதுங்கிய இடங்களைப் பல வருடங்கள் பின்தொடர்ந்தார். முதல் பொம்மைகள் சுமார் 10 மாதம் கழித்து, ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர் தாண்டி, அலாஸ்காவின் சிட்கா பக்கம் கரை சேர்ந்தன. மற்றவற்றில் சில வட பசிபிக்கை ஒரு முழுச் சுற்று சுற்றிவர 3 வருடம் எடுத்துக்கொண்டன. ஒரே இடம், ஒரே நாள், ஒரே மாதிரிப் பொம்மைகள். ஆனாலும் பக்கத்தில் பக்கத்தில் விழுந்த இரண்டு பொம்மைகளுக்கு நடுவே ஒரு சின்னச் சுழல் புகுந்தால் போதும், ஒன்று அலாஸ்கா, இன்னொன்று வேறெங்கோ.

அதனால்தான் ஹைதராபாத்தில் உள்ள இந்திய தேசிய கடல் தகவல் சேவை மையம் போன்ற இடங்கள் கடலில் காணாமல்போன படகையோ ஆளையோ தேட உதவும்போது ஒரே கோட்டைத் தருவதில்லை. காணாமல்போன பொருள் என்ன வகை, கடைசியாக எங்கே, எப்போது பார்த்தார்கள் என்று கேட்டுக்கொண்டு, நிறையக் கற்பனைத் துகள்களைச் சற்றுச் சற்று வேறுபட்ட இடங்களிலிருந்தும் வேறுபட்ட காற்றோடும் ஓடவிடுகிறார்கள். திரையில் வருவது புள்ளிகளின் கூட்டம். ஒவ்வொரு புள்ளியும் நடந்திருக்கக்கூடிய ஒரு தடக்கோட்டின் முனை. கூட்டம் அடர்த்தியாக இருக்கும் இடத்தில் முதலில் தேடுவார்கள். மணி நேரம் போகப் போக அந்தக் கூட்டம் விரியும், தேட வேண்டிய பரப்பும் கூடவே பெரிதாகும். படகு திரும்பவில்லை என்ற தகவல் கரைக்கு 6 மணி நேரம் தாமதமாக வந்தால், தேடல் படகுகளுக்குக் கிடைக்கும் வட்டம் அந்த 6 மணி நேரத்து விரிவோடுதான் கிடைக்கும்.